நடுவில் வெளுத்த அரிசி

அரிசியின் நடுவில் சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளுப்பு இருந்தால் காவிரி டெல்டாவில் அதற்கு மதிப்பில்லை. நெல்லைப் புழுக்கினால் மறைந்துவிடும். பச்சரிசியில் பளிச்சென்று தெரியும், அரைக்கும்போது நொறுங்கும். அரசின் அரிசித் தரக்குறிப்பிலும் அது குறைதான். ஜப்பானில் சாகே என்னும் அரிசி மதுவைத் தயாரிப்பவர்களோ அந்த வெளுப்பைத் தேடி, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டுக்கு வேண்டியது சர்க்கரை. மாவைச் சர்க்கரையாக்கும் வேலையை அங்கே கோஜி என்னும் பூஞ்சை செய்கிறது. ஆவியில் வெந்த அரிசிமேல் அதன் வித்தைத் தூவி, வெதுவெதுப்பான அறையில் இரண்டு நாள் வைப்பார்கள். வெளுத்த நடுப்பகுதியில் மாவுமணிகள் நெருக்கமில்லாமல் கிடப்பதால் பூஞ்சையின் இழை உள்ளே இறங்குகிறது. பிறகு ஒரே தொட்டியில் கோஜி சர்க்கரையாக்க, ஈஸ்ட் அதை உடனுக்குடன் ஆல்கஹாலாக்கும். காய்ச்சி வடிக்காமலே 20 சதவீதம் வரை ஏறுவது இதனால்தான்.

இந்தக் கலை தமிழருக்குப் புதிதல்ல. அரிசிக் கூழை ஆற்றி, முளைநெல்லை இடித்துச் சேர்த்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டுப் பிழிவதைப் பெரும்பாணாற்றுப்படை படிப்படியாகச் சொல்கிறது. பாடியவர், காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலையில் பாடிய அதே உருத்திரங்கண்ணனார். இங்கே பூஞ்சைக்குப் பதில் முளை: முளைக்கும் நெல் தானே சுரக்கும் நொதிதான் மாவை உடைக்கிறது. நாற்றுவிட விதைநெல்லை முளைகட்டும்போதெல்லாம் நம் உழவர்கள் அந்த நொதியைத்தான் எழுப்புகிறார்கள்.

சாகேயின் சுவை அரிசியைத் தீட்டுவதில் தொடங்குகிறது. புரதமும் கொழுப்பும் மேலடுக்கில் இருக்கின்றன. பாதிக்கு மேல் தீட்டித் தள்ளிய அரிசியில் செய்த 'தைகிஞ்ஜோ' மெலிதாக, பழ வாசனையோடு இருக்கும். குறைவாகத் தீட்டியதில் தானியச் சுவையும் கனமும் நாக்கில் நிற்கும். சுவை பார்ப்பவர்கள் அடியில் நீல வளையம் வரைந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, தெளிவையும் நிறத்தையும் முதலில் பார்ப்பார்கள்.

புகழ்பெற்ற 'யமதா நிஷிகி' நெல் 1923-இல் ஹியோகோவில் ஒட்டுச் சேர்க்கப்பட்டு 1936-இல் பெயர் பெற்றது. உயரமான பயிர், காற்றுக்குச் சாயும். அப்படிப்பட்ட சாகே நெல்லை உழவர் நம்பி நடுவது, நாடா பகுதித் தயாரிப்பாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஊரோடு ஊராக ஒப்பந்தம் வைத்துக்கொண்டதால்தான்.

நம் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிறார்கள், எடை பார்க்கிறார்கள். வயலின் சுவையை யாரும் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. நெல் ஜெயராமன் ஆதிரங்கத்தில் நடத்திய நெல் திருவிழாக்களால் பாரம்பரிய விதை பல உழவர்கள் கைக்கு வந்திருக்கிறது. இனி வேண்டியது நாடாவில் போன்ற ஒப்பந்தம்தான்: கும்பகோணத்து இட்லிக்கடைக்காரர் ஒருவர் சம்பா நடவுக்கு முன்பே ஓர் ஊருக்குப் போய், இன்ன ரகம், இன்ன விலை என்று பேசி முன்பணம் கொடுக்கலாம்.