உஷார்! பிள்ளையைத் தூங்க வைக்கும் 'கம்மி'

போன மாதம் தெரபி சென்டரில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது என் கண்ணெதிரே ஒரு பாட்டில் கைமாறியது. ஊதா மூடி, உள்ளே சர்க்கரை தூவிய, மிட்டாய் மாதிரி மெல்லும் கம்மிகள். திறந்ததும் ஸ்ட்ராபெரி மணம். "என் நாத்தனார் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தாங்க. ராத்திரி ரெண்டு குடுங்க, பையன் அசையாம தூங்குவான்" என்றார் கொடுத்தவர். வாங்கிக்கொண்ட அம்மா மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று சற்றுமுன்தான் சொல்லியிருந்தார். அவர் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. என் மகனுக்கும் ஆட்டிசம். நடுராத்திரியில் வாசல் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு விழித்திருந்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த கம்மியில் இருப்பது மெலடோனின். இருட்டியதும் மூளை தானாகச் சுரக்கும் ஹார்மோன் அது. அமெரிக்காவில் அதை மருந்தாக அல்ல, சத்து மாத்திரைகளைப் போல சப்ளிமென்ட்டாக, சீட்டே இல்லாமல் விற்கிறார்கள். அதே மெலடோனினை பிரிட்டனில் டாக்டர் சீட்டு இருந்தால்தான் தருவார்கள். நம் ஊரிலோ போனில் நாலு தட்டு தட்டினால் கம்மி வீடு தேடி வருகிறது.

லேபிளை நம்பலாமா? 2023-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவில் விற்கும் 25 கம்மி வகைகளைச் சோதித்தார்கள். 22-ல் லேபிள் சொன்னது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. சிலவற்றில் எழுதியதைவிடக் குறைவு. ஒன்றில் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. இன்னொன்றில் மெலடோனினே இல்லை. 2017-ல் கனடாவில் 31 சப்ளிமென்ட்டுகளைச் சோதித்தபோது எட்டில் லேபிளில் சொல்லாத செரடோனின் கலந்திருந்தது. ஏற்கெனவே வலிப்பு மாத்திரையோ, பதற்றத்துக்கான மாத்திரையோ சாப்பிடும் பிள்ளைக்கு இது எப்படிப்பட்ட விஷப்பரீட்சை! ஃப்ளூவாக்ஸமின் என்ற மருந்து எடுக்கும் பிள்ளைக்கு, கொடுக்கும் மெலடோனின் உடலில் பல மடங்கு ஏறிவிடும்.

மிட்டாய் மாதிரி இருப்பதால் பிள்ளை தானே எடுத்துத் தின்றுவிடும் ஆபத்து வேறு. அமெரிக்க விஷமுறிவு மையங்களுக்குக் குழந்தைகள் மெலடோனின் உட்கொண்டதாக 2012-ல் வந்த அழைப்புகள் 8,337. 2021-ல் 52,563. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஏன் தூங்கவில்லை என்று நம் பிள்ளைகளில் பலரால் சொல்ல முடியாது. என் மகனுக்கு அப்போது ஏழு வயது. இரண்டு மணிக்கு எழுந்து, அடுப்படிக்குப் போய், குப்புறப் படுத்து இடது கன்னத்தைச் சில்லென்ற டைல்ஸில் வைத்து அழுத்திக்கொள்வான். ஆட்டிசப் பிள்ளைகள் அப்படித்தான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். பதினோரு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். கடைவாய்ப் பல்லில் சொத்தை, ஈறு வீங்கியிருந்தது. பல்லைச் சரிசெய்த பிறகு விடியவிடியத் தூங்கினான். அந்தப் பதினோரு நாளும் கம்மி கையில் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். அவன் வலியோடேயே கிடந்திருப்பான்.

பல்வலியைப் போலவே மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், இரும்புச்சத்துக் குறைவால் வரும் கால் குடைச்சல், ராத்திரியில் மட்டும் வரும் வலிப்பு என்று எத்தனையோ இருக்கின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடுவது சகஜம். குறட்டையே இல்லாவிட்டாலும் நான்கு வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம். மூச்சு அடைபடும் பிள்ளையை மயக்கித் தூங்க வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கம்மி வேண்டாம் என்று, தூங்க வைப்பதற்காகச் சளி சிரப்புக்கும் போகாதீர்கள். தூக்கத்துக்காக ஜாதிக்காயை உரைத்து ஊற்றும் வீடுகளும் உண்டு. அளவு மீறினால் ஜாதிக்காயும் நெஞ்சைப் படபடக்க வைக்கும், பிள்ளையைப் பிதற்ற வைக்கும். கால் குடைச்சல்தானே என்று இரும்புச்சத்து மாத்திரையை ரத்தப் பரிசோதனை இல்லாமல் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அளவு கூடினால் அது உயிரையே வாங்கும்.

மெலடோனினே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் படுக்கும் நேரம், வெளிச்சம், போன் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள், அதற்கும் மசியாவிட்டால் டாக்டர் மேற்பார்வையில் குறைந்த அளவில் தொடங்குங்கள் என்பதுதான் ஆட்டிசப் பிள்ளைகளுக்காக அமெரிக்க நரம்பியல் அகாடமி 2020-ல் சொன்ன வழி. டாக்டரிடம் போகும்போது பிள்ளை தூங்கும் வீடியோ இரண்டு நிமிடம் எடுத்துப் போங்கள். எப்போது படுத்தான், எப்போது எழுந்தான் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா பாட்டிலையும், ஹோமியோபதி உருண்டை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரின் மேஜை மேல் வையுங்கள்.

கம்மி பாட்டில் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இன்றைக்கே பூட்டி வையுங்கள். பிள்ளை அள்ளித் தின்றுவிட்டால், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.