எந்தப் பிரதி எதற்காக?

2017 நவம்பர் 9. இத்தாலியின் பொலோன்யா நகரில் குடிநீர்க் குழாய் ஒன்று உடைந்து, சி.என்.ஏ.எஃப். கணினி மையத்துக்குள் விடியற்காலையில் தண்ணீர் புகுந்தது. ஜெனீவாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் தரவைச் சேமித்து வைக்கும் முக்கிய மையங்களில் அது ஒன்று. மின்சாரம் போயிற்று, டேப்புகள் சில நனைந்தன, பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆயிற்று. ஆனாலும் செர்ன் ஆய்வாளர்கள் வேலையை நிறுத்தவில்லை. ஏன் என்பதைப் பார்ப்போம்.

ஜெனீவா அருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்.ஹெச்.சி. துகள் முடுக்கி வளையத்தில் புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். மோதல்களில் மிகப் பெரும்பகுதியை அங்கேயே வடிகட்டிக் கழித்துவிடுகிறார்கள். மிஞ்சுவதையும் ஒரே இடத்தில் வைத்து ஆராய்வது சாத்தியமில்லை. அதனால் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில், சுமார் 170 மையங்களை இணைத்து ஒரு கிரிட் அமைத்தார்கள். செர்ன் அதன் பூஜ்ய அடுக்கு. பொலோன்யா, கார்ல்ஸ்ரூ, லியோன், அமெரிக்காவின் ஃபெர்மிலேப் போன்றவை முதல் அடுக்கு. பல்கலைக்கழக, ஆய்வு நிறுவன மையங்கள் இரண்டாம் அடுக்கு. மும்பையின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் அதில் உண்டு.

மோதலிலிருந்து நேரே வரும் மூலத் தரவுக்கு விதி எளிது: ஒரு பிரதி செர்னில் டேப்பில் இருக்கும், இன்னொன்றை முதல் அடுக்கு மையங்கள் பங்கிட்டு வைத்திருக்கும். பொலோன்யாவில் நனைந்த பங்குக்கு ஜெனீவாவில் இணை இருந்தது. இது பிழைத்திருப்பதற்கான பிரதி. யாரும் அதை அடிக்கடி தொட வேண்டியதில்லை, மெதுவான டேப்பே போதும். எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இன்னொரு வகைப் பிரதிக்கு இதெல்லாம் தலைகீழ். சென்னையில் பக்கம் கட்டும் நாளிதழ் மதுரையிலும் கோவையிலும் ஏன் அச்சாகிறது? வாசகர் அங்கே இருக்கிறார், விடிவதற்குள் பேப்பர் வாசலில் விழ வேண்டும். ஆய்வாளரின் நிலையும் அதுதான். நொடிக்கு 10 ஜிகாபிட் வேகமுள்ள இணைப்பு முழுவதையும் அவர் ஒருவருக்கே ஒதுக்கினாலும், 100 டெராபைட் வந்து சேர 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே பயன்பாட்டுப் பிரதி பயனருக்குப் பக்கத்தில், வேகமான டிஸ்க்கில் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் கணக்குப் போடும் இடத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. “மொத்தம் மூன்று பிரதி இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், எந்த மூன்று, எங்கே, எதற்காக என்று கேட்டுவிடுங்கள்.

பயன்பாட்டுப் பிரதியை எங்கே வைப்பது? சிகாகோ பல்கலைக்கழகத்தில் கவிதா ரங்கநாதனும் இயன் ஃபாஸ்டரும் 2001-இல் இந்தக் கேள்வியைக் கணினி உருவகப்படுத்தலில் சோதித்தார்கள். ஒரு முறையில், ஒரு கோப்பைக் கேட்போர் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் அதன் பிரதி ஓர் அடுக்கு கீழே இறங்கும்; அங்கும் கூட்டம் சேர்ந்தால் இன்னோர் அடுக்கு. மற்றொரு முறையில், கோப்பு பயனரை நோக்கிப் போகும் வழியிலுள்ள ஒவ்வொரு மையத்திலும் ஒரு பிரதியை விட்டுச்செல்லும். யார் எதைக் கேட்பார் என்பதில் ஒழுங்கே இல்லாவிட்டால் இரண்டாவது முறை நன்றாக ஈடுகொடுத்தது. ஒரே வட்டாரத்தார் ஒரே கோப்பைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது முதல் முறை பலன் தந்தது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே முறை கிடையாது. அதே இருவர் மறு ஆண்டு காட்டியது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: வேலையைத் தரவு இருக்கும் மையத்துக்கே அனுப்புங்கள், பலரும் கேட்கும் தொகுப்புகளை மட்டும் தனியே, பின்னணியில் பரப்புங்கள். ஆய்வாளரின் நிரல் சில மெகாபைட், தரவோ டெராபைட். எது பயணம் போவது லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்று எல்.ஹெச்.சி.யின் சோதனைகளில் ஒன்றான அட்லஸ், பிரதிகளை வைக்கும் வேலையை ரூசியோ என்ற மென்பொருளால் நடத்துகிறது. 2014 இறுதியில் அது பயன்பாட்டுக்கு வந்தது, பின்னர் எல்.ஹெச்.சி.யின் இன்னொரு சோதனையான சி.எம்.எஸ்.ஸும் அதற்கே மாறியது. இதில் யாரும் கோப்பை எடுத்து நகர்த்துவதில்லை, விதிதான் எழுதுகிறார்கள்: “இந்தத் தொகுப்புக்கு முதல் அடுக்கு டிஸ்க்கில் இரண்டு பிரதி, ஆறு மாதத்துக்கு.” எந்த மையம் என்பதை மென்பொருள் தீர்மானிக்கும். கெடு முடிந்ததும் பிரதி உடனே அழிவதில்லை. யாருக்காவது உதவட்டும் என்று கிடக்கும்; இடம் தேவைப்படும்போது, நெடுநாளாக எவரும் தொடாதது முதலில் போகும்.

ஒரு வசதி செர்ன் ஆய்வாளர்களுக்கு உண்டு. வங்கிக் கணக்கு மாறிக்கொண்டே இருப்பதுபோல இந்தத் தரவு மாறுவதில்லை. எழுதிய கோப்பை மறுபடி திருத்துவதில்லை. அதனால் எந்தப் பிரதி புதியது என்ற தலைவலியே கிடையாது. பிரதி பழுதாகவில்லையா என்று சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டால் போதும்.

எந்தக் கோப்பு எங்கே என்று ரூசியோ வைத்திருக்கும் பட்டியலுக்கும் மையங்களின் டிஸ்க்குக்கும் இடையே பிணக்கு வருவது மட்டும் ஓயாது. பட்டியலில் இல்லாத கோப்பு டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பட்டியலில் உள்ளது டிஸ்க்கில் காணாமல் போயிருக்கும். அவ்வப்போது இரண்டையும் ஒத்துப் பார்க்கிறார்கள். முன்னதை அழித்துவிடலாம். பின்னதற்கு வேறெங்காவது பிரதி இருந்தால் ரூசியோ தானே வரவழைத்துக்கொள்ளும். காணாமல் போனது கடைசிப் பிரதி என்றால், அது கணக்கிட்டுப் பெற்ற தரவா என்று பார்ப்பார்கள். அப்படியானால் கணக்கை மறுபடி ஓட்டி உருவாக்கிக்கொள்ளலாம். மூலத் தரவுக்கு அந்த வழி இல்லை. அந்த மோதல் ஒரு முறைதான் நடந்தது.