'பெஸ்ட் பிஃபோர்' வேறு, 'எக்ஸ்பைரி' வேறு!

பிஸ்கட், சேமியா, மசாலாப் பொடி என எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் அதில் ஒரு தேதி அச்சாகியிருக்கும். சிலவற்றில் 'பெஸ்ட் பிஃபோர்' என்றும், சிலவற்றில் 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' என்றும் இருக்கும். நாமோ எல்லாவற்றையும் 'டேட்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் சட்டம் இவற்றைத் தனித்தனியாகவே பார்க்கிறது.

பெஸ்ட் பிஃபோர் என்பது தரத்தைக் குறிப்பது. அந்தத் தேதி வரை மணம், சுவை, மொறுமொறுப்பு எல்லாம் முழுமையாக இருக்கும் என்று தயாரிப்பாளர் கூறுகிறார். அதன் பிறகு தரம் சற்றுக் குறையலாம். பொருள் கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. ஆனாலும் வண்டு விழுந்தோ, சிக்கு வாடை அடித்தோ இருந்தால் விற்கக் கூடாது.

எக்ஸ்பைரி, யூஸ் பை இரண்டும் ஒன்றே. இது பாதுகாப்பையும் சேர்த்துக் குறிப்பது. இத்தேதிக்குப் பின் அப்பொருளை விற்கவே கூடாது.

2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் ஒழுங்குமுறைகளின்படி எக்ஸ்பைரி தேதி கட்டாயம். பெஸ்ட் பிஃபோர் தயாரிப்பாளரின் விருப்பம். ஆகவே இரண்டும் இருந்தால், நம்மைக் கட்டுப்படுத்துவது எக்ஸ்பைரிதான்.

பொறுப்பு யாருக்கு?

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 27-ஆவது பிரிவின்படி, காலாவதியான உணவுப்பொருளைச் சப்ளை செய்த மொத்த வியாபாரியும் பொறுப்பு, விற்ற கடைக்காரரும் பொறுப்பு. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கும் கடைக்காரரே பொறுப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இச்சட்டத்தில் 'விற்பனை' என்றால் பணம் வாங்கிப் பொருளைக் கொடுப்பது மட்டுமல்ல. விற்பனைக்காக அடுக்கி வைப்பதும், கைவசம் வைத்திருப்பதும் விற்பனையே. 'அது ரிட்டனுக்கு வைத்தது' என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது.

நாம் செய்ய வேண்டியவை

1. சரக்கு இறங்கும்போதே தேதியைப் பாருங்கள். நாள் குறைவாக இருந்தால் அப்போதே திருப்பி அனுப்புங்கள்.

2. பழைய ஸ்டாக் முன்னால், புதியது பின்னால் இருக்கட்டும்.

3. காலாவதியானதைத் தனிப் பெட்டியில் போட்டு, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி ஒட்டுங்கள்.

4. கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

5. இரு தேதிகளுமே, பாக்கெட்டில் சொன்னபடி வைத்திருந்தால்தான் செல்லும். வெயில் படும் வாசலில் தொங்கும் பாக்கெட் தேதிக்கு முன்பே கெடலாம்.

6. தேதியைச் சுரண்டுவது, மேலே ஸ்டிக்கர் ஒட்டுவது அறவே கூடாது.

பெஸ்ட் பிஃபோர் கடந்து, எக்ஸ்பைரி வராத சரக்கை வீணாகக் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை. வாடிக்கையாளரிடம் விவரம் சொல்லி, விலை குறைத்துக் கொடுக்கலாம். சொல்லாமல் விற்றால் லாபம் ஒரு பாக்கெட். போவது நிரந்தர வாடிக்கை. இரு சொற்களின் வித்தியாசத்தைக் கடைப் பணியாளர்களுக்கும் இன்றே சொல்லிவைப்போம்.