மலையில் ஆண் கூம்பு மிஞ்சுமா?

பங்காருபாளையத்தில் கோடை முற்றினால் மாங்காய் லாரிகள்தான் கண்ணில் படும். நல்ல ரகம் ஒன்று கிடைத்தால் போதும், ஒட்டுக்கட்டித் தோப்பாக்கிவிடுவார்கள். திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் மலையில் இருக்கும் சைக்கஸ் பெட்டோமி என்ற செடிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்த மலையென்றால் செம்மரத்தைத்தான் பேசுகிறோம். 1883இல் அறிவியல் பெயர் பெற்ற இந்தக் குட்டைச் செடியோ இந்தப் பக்கத்து மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இயல்பாக வளர்வதில்லை.

பாறைச் சரிவில் இத்தனை செடி நிற்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். அந்த எண்ணிக்கைதான் ஏமாற்றுகிறது. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் கூம்பின் மகரந்தம் சேராவிட்டால் பெண் செடியில் முளைக்கும் விதை இல்லை. கூட்டம் சிறுத்துச் சிதறச் சிதற, ஆணும் பெண்ணும் அருகருகே ஒரே பருவத்தில் கூம்பு விடுவதே அரிதாகிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் 1895இல் ஜான் மெட்லி உட் கண்டெடுத்த, சைக்கஸுக்கு உறவான செடி ஒன்றின் கதை இதுதான். கிடைத்தது ஓர் ஆண் செடி. பெண் செடி இன்றுவரை அகப்படவில்லை. இன்று உலகத் தாவரவியல் தோட்டங்களில் நிற்பவை எல்லாம் அந்த ஒன்றின் பக்கக் கன்றுகள். தோட்டத்தில் எண்ணிக்கை பெருகியது, காட்டில் இனம் முடிந்தது.

சேஷாசலத்தில் தீயும் சேர்ந்துகொள்கிறது. கோடையில் போதைப்புல் பற்றினால், பழைய மட்டைகள் கவசமாக மூடிய முதிர்ந்த தண்டு பிழைத்து மறுபடி துளிர்க்கும். நாற்று கருகிவிடும். ஆண்டுதோறும் எரியும் சரிவில் கிழங்கள் மட்டுமே நிற்கும். நாற்றங்காலில் வளர்த்து நடலாம் என்பவர்கள் உண்டு, அதுவும் வேண்டியதுதான். ஆனால் தீ அடங்காத இடத்தில் நட்ட கன்று எத்தனை கோடை தாங்கும்?

இதையெல்லாம் விட என்னை உறுத்துவது கூம்பு வெட்டுதான். ஆண் கூம்பு வீரியத்துக்கு நல்லது என்று நாட்டு மருந்துக்காக அறுத்துப்போகிறார்கள். செடி சாவதில்லை, கணக்கும் குறைவதில்லை. அந்தப் பருவத்து மகரந்தம் மட்டும் போய்விடுகிறது. வெளிநாட்டு வணிகத்தை சைட்ஸ் ஒப்பந்தத்தின் கடுமையான முதல் பட்டியல் தடுக்கிறது. உள்ளூர்ப் பொட்டலத்தை எந்தப் பட்டியல் தடுக்கும்?

மதனகாமப்பூ என்று கடையில் விற்பதும் சைக்கஸ் ஆண் கூம்புதான். எந்த மலையில் வெட்டியது என்று பொட்டலத்தைப் பார்த்து நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. தயவுசெய்து வாங்காதீர்கள்.