பண்ணை நிலமும் மின்னிசை விழாவும்: தாளம், உழைப்பு, உடைமை

இசைக்கும் உழைப்புக்குமுள்ள உறவு பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் நாட்டார் பாடலோடு நின்றுவிடுகின்றன. பூவரசங்குளம் போன்ற வன்னிக் கிராமங்களில் எருதுகளைக் கொண்டு சூடு மிதித்த காலத்திற் களத்திலே பொலிப்பாட்டு ஒலித்தது. உழவு இயந்திரம் வந்ததும் பாட்டு அடங்கிற்று. தாளம் கூட்டுழைப்பிற் பிறந்தது என்னும் ஜோர்ஜ் தொம்சனின் கருத்துக்கு (கைலாசபதி பேர்மிங்ஹாமில் இவரிடமே ஆராய்ச்சி செய்தார்) இது தக்க சான்று. ஆயின், இயந்திரமே தாளத்தைத் தரும் காலத்து இசையை எவ்வாறு விளக்குவது?

1980களில், மோட்டார்த் தொழில் நலிந்துவந்த டெற்றொயிற் நகரிலும் அதன் புறத்திலும் வாழ்ந்த கறுப்பின இளைஞர்கள் ஜுவான் அற்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் ஆகியோர் ‘ரெக்னோ’ இசையை உருவாக்கினர். தசாப்தத்தின் இறுதியில் இவ்விசை இங்கிலாந்தில் நகரத்து மண்டபங்களை விட்டு வயல்வெளிக்குச் சென்றது. மண்டபங்கள் நள்ளிரவுக்குப் பின் விரைவில் மூடப்பட்டமை அதற்கொரு காரணம். 1992 மே மாதத்திற் காசில்மோற்றன் பொதுநிலத்தில் இருபதினாயிரம் பேருக்கு மேல் திரண்டனர். அரசின் மறுமொழி 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டமாக வந்தது. திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளை முதன்மையாகக் கொண்ட ஒலியும் இசையில் அடங்கும் என்று சட்டமே வரையறை செய்தது! எனினும் அனுமதிப்பத்திரம் பெற்ற விழாவுக்கு விலக்கு உண்டு. பொதுநிலத்திற் குற்றமாகும் தாளம் வேலியிட்ட நிலத்தில் விற்பனைப் பண்டமாகிறது.

அந்த வேலிக்குள்ளே என்ன நிகழ்ந்தது என்பதே நமது வினா. சமசெற் மாவட்டத்து வேர்தி பண்ணை ஒரு குடும்பத்தின் பாற்பண்ணை. 1970இல் மைக்கல் ஈவிஸ் அங்கு முதல் விழாவை நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு பவுண். பண்ணைப் பால் இலவசம். 1981இல் எழுந்த பிரமிட் மேடை தந்திக் கம்பங்களாலும், பாதுகாப்பு அமைச்சு கழித்துவிட்ட உலோகத் தகடுகளாலும் ஆனது. மாரியில் அதுவே மாட்டுத்தொழுவம், வைக்கோற் களஞ்சியம். அவ்வாண்டு விழா அணுவாயுத ஒழிப்பு இயக்கத்துக்காக நடந்தது என்பதையும் சேர்த்து நோக்கினால், அத்தகடுகளின் கதை சுவையானது. மேற்கூறிய சட்டம் நிறைவேறிய அதே 1994இல் அங்கு ஓர்பிற்றல் குழுவினர் மின்னிசை வழங்கினர். மறு ஆண்டு நடன இசைக்கெனத் தனிக் கூடாரமே எழுந்தது.

2000இல் கட்டணமின்றி வேலியேறிப் புகுந்தோர் பெருந்தொகையினர். ஆதலின் 2002இல் உயர்ந்த உலோக வேலி எழுந்தது. மூலதனம் முதற்றொகுதியில் மார்க்ஸ் விவரிக்கும் நில அடைப்பை இது நினைவூட்டுகிறது. ஒப்பீட்டை அதற்கு மேல் இழுத்தல் தகாது. ஈவிஸ் குடும்பம் புல் தழைப்பதற்காகச் சில ஆண்டுகள் விழாவையே நிறுத்திவைக்கிறது. 2018 அத்தகையது. தனி வணிக நிறுவனம் இலகுவிற் செய்யாத காரியம் இது. ஆனால் 2025இல் நுழைவுச்சீட்டு 370 பவுணையும் கடந்தது. வாயில்களிற் பணிபுரியும் ஒக்ஸ்பாம் தொண்டர்களுக்குக் கூலியில்லை, நுழைவே கூலி. சூடு மிதித்தவன் களத்திலிருந்து நெல்லோடு வீடு திரும்பினான். இவர்கள் தாளத்தைக் கேட்டுத் திரும்புகின்றனர்.