சிறு சொல், பெரும் பேதம்

அந்நிய பாஷையைக் கற்பவனுக்குப் பெரிய சொற்களால் நேரும் தொல்லையைவிடச் சிறிய சொற்களால் நேரும் தொல்லையே அதிகம். பெரிய சொல்லின் பொருளை அகராதி சொல்லிவிடும். 'கால்', 'புட்', 'கிவ்', 'டேக்' முதலிய ஆங்கில வினைகளையோ ஆரம்ப வகுப்பு மாணவனும் அறிவான். ஆனால் அவற்றின் பின்னே 'ஆஃப்', 'அவுட்', 'அப்' என்ற ஒட்டுக்களில் ஒன்று வந்து சேர்ந்த மாத்திரத்தில் பழைய பொருள் மறைந்து புதிய பொருள் பிறந்துவிடுகிறது. இத்தகைய தொடர்வினைகளுக்கு 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயரை 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் தமது நூலின் மூலம் பரவச் செய்தார். பெயர் புதிது, தொல்லை பழையது.

இது இலக்கணப் பண்டிதர்களின் வீண் சர்ச்சையன்று. உத்தமபாளையம் தாலூகாவிலுள்ள மார்க்கையன்கோட்டையை எடுத்துக்கொள்வோம். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையென்று அவ்வூர் விவசாயிகள் மறியலுக்கு நாள் குறிக்கிறார்கள். அதிகாரிகள் வாக்களித்ததன்பேரில் அதை ஒரு வாரம் தள்ளி வைக்கிறார்கள் என்று கொள்வோம். சங்கக் காரியதரிசி ஆங்கிலப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகையில் 'புட் ஆஃப்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'கால் ஆஃப்' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? முன்னதற்கு ஒத்திவைத்தல் என்று பொருள். பின்னதற்குக் கைவிடுதல் என்று பொருள். தகராறு தீர்ந்தது என்று அதிகாரி கோப்பைக் கட்டி வைத்துவிடுவார். 'கால் அவுட்' என்றாலோ, தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தல் என்ற நேர் எதிரான பொருள் வந்துவிடும். சௌரி சௌராவுக்குப் பின் 1922 பிப்ரவரியில் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தியதை ஆங்கிலச் சரித்திர நூல்கள் 'கால் ஆஃப்' என்றே குறிப்பிடுவதை நேயர்கள் படித்திருப்பார்கள்.

நமது ராஜ்யத்தில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் ஆட்சிமொழியாயிற்று. அதை நாம் போற்றுகிறோம். எனினும் கம்பம் பள்ளத்தாக்கின் நீருரிமைக்கு ஆதாரமான 1886 அக்டோபர் 29-ஆம் தேதிய பெரியாற்றுக் குத்தகைப் பத்திரம் ஆங்கிலத்திலேயே உள்ளது. அவ்வணை குறித்து 2006-லும் 2014-லும் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்புகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தன் வயலுக்கு வரும் தண்ணீரைப்பற்றிய வாசகத்தைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டிருப்பவன் பாதி உரிமையை இழந்தவனாவான்.

இத்தொடர்வினைகள் தமிழனுக்கு எட்டாதவை என்பது தவறான அபிப்பிராயம். தன் முறைத் தண்ணீரை அண்டை வயல்காரனுக்கு 'விட்டுக்கொடுத்தேன்' என்கிறான் உழவன். அதில் 'விடு' என்பதன் பொருளும் 'கொடு' என்பதன் பொருளும் தனித்தனியே நிற்கவில்லை. இரண்டும் கூடி இணங்குதல் என்ற மூன்றாம் பொருளைத் தருகின்றன. 'கண்டுபிடி', 'கைவிடு', 'பார்த்துக்கொள்' என்பவையும் இவ்வாறே. எழுத்தறியாத தாயின் வாயிலிருந்து இவற்றை முழுமையாகக் கேட்டுக் கற்ற பிள்ளை, ஆங்கிலத்தை மட்டும் ஏன் துண்டு துண்டாக மனப்பாடம் செய்யவேண்டும்?

முறையும் உண்டு. 'புட் ஆஃப்' என்பதில் ஒட்டைப் பிரிக்கலாம். 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரியே. ஆனால் 'மீட்டிங்' என்பதற்குப் பதிலாக 'இட்' என்ற சுட்டுப்பெயர் வந்தால், 'புட் இட் ஆஃப்' என்று நடுவிலேதான் அது நிற்கும். 'புட் ஆஃப் இட்' பிழை. 'லுக் ஆஃப்டர்' என்பதோ பிரியாதது. அங்கே 'லுக் ஆஃப்டர் இட்' என்பதே சரி. முன்னதில் ஒட்டு வினையைச் சார்ந்தது. பின்னதில் அது தனக்குப் பின்வரும் பெயரைச் சார்ந்தது. காரணம் இவ்வளவே. நம்மவர் பலர் எழுதும் 'கோப் அப் வித்' என்பதும் பிழையே; 'கீப் அப் வித்' என்பதன் சாயலில் ஓர் 'அப்' இடையில் புகுந்துவிட்டது. 'கோப் வித்' என்றால் போதும்.

1930-இல் ஆக்டன் என்பவர் 850 சொற்களில் அடங்கிய 'பேஸிக் இங்கிலீஷ்' என்ற சுருக்க ஆங்கிலத்தை வகுத்து, அதில் வினைகளைப் பதினெட்டாகக் குறைத்தார். குறைந்த வினைகளின் வேலையை ஒட்டுக்களே சுமக்க நேர்ந்தது. ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனியே கற்கும் சிரமம் அப்படியே நின்றது. குறுக்குவழி இல்லையென்பதற்கு இதுவே சான்று.

ஆகவே வாலிபர்களுக்கு நாம் சொல்வது இது. நூறு தொடர்வினைகளை அட்டவணையாக உருப்போட வேண்டாம். நாளொன்றுக்கு ஒன்றே போதும். அது வந்த வாக்கியத்தை முழுதாக ஏட்டில் எழுதுங்கள். பெயரை நீக்கி 'இட்' போட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் ஊர் விஷயமாகவே சொந்த வாக்கியம் ஒன்று எழுதுங்கள். நம் காரியங்களைத் தமிழில் நடத்துவதே நமக்கு அழகு. ஆங்கிலத்தில் கையெழுத்திட வேண்டிய இடத்திலோ, கைவிட்டோமா, ஒத்திவைத்தோமா என்பது கையெழுத்திடுகிறவனுக்கே தெரிந்திருக்க வேண்டும்.