வானூர்தி அணிந்த பதக்கம்

நீரிலும் நிலத்திலும் இறங்கும் பழைய வானூர்தியைப் பேணிவரும் முன்னாள் போர்வீரர், அதன் பக்கத்தில் வண்ணக் கட்டங்கள் தீட்டியிருப்பதுண்டு. அவை வெறும் அழகல்ல. அவர் பெற்ற பதக்கங்களின் நாடாக்கள். 1939–45 விண்மீன் பதக்க நாடாவில் கருநீலம் கடற்படை, சிவப்பு தரைப்படை, வெளிர்நீலம் வான்படை. மூன்றும் ஒரே அகலம். வெள்ளையில் சாய்ந்த ஊதாக் கோடுகளோ சிறப்புப் பறத்தல் சிலுவை.

அதைப் பெற்றவர் கனடாவின் லெனார்டு பர்ச்சால். 1942 ஏப்ரல் 4 அன்று, நம் திருவனந்தபுரத்துக்குத் தென்கிழக்கே இலங்கையின் கொக்கலை ஏரியிலிருந்து காட்டலினா என்னும் பறக்கும் படகில் சென்றார். (சக்கரம் பூட்டிய காட்டலினா தரையிலும் இறங்கும்.) சப்பானியக் கடற்படையைக் கண்டு கம்பியில்லாத் தந்தியில் எச்சரித்தார். இலங்கை விழித்தது, அவர் ஊர்தி சுட்டு வீழ்த்தப்பட்டது. உடன் சென்ற எண்மருள் மூவர் மாண்டனர், எஞ்சியோர் சிறைப்பட்டனர்.

ஒரு நாடாவுக்குப் பின்னே ஒன்பது பேர். வண்ணத்தைப் படிக்கும்போது அவர்களையும் எண்ணுவோம்.